சைஸ் ஒன்றுதான்... டயர் வேறு!

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, 'இளைஞர் சக்தி' என்றோ 'தன்னம்பிக்கை' என்றோ இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தத் தலைப்புகளில் ஏற்கெனவே நாலு பேர் கொடுத்துவிட்டார்களாம். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரிந்தது டயர். அதிலும், லோடு அடிக்கிற பிக்கப் வண்டிக்குப் பழைய டயரைக் கழற்றிவிட்டுப் புது டயர் வாங்குவது எப்படி என்பது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டே படியுங்கள். ஆனால் நம்மோடு படிக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டு வாசலில் ஒரு பிக்கப்போ, ஒரு குட்டி யானையோ, ஒரு லோடு ஆட்டோவோ நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சக்கரம் சுற்றுவதால்தான் நம் கையில் டிராஃப்டர் இருக்கிறது.

எங்கள் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் இது தேவைப்படும்.

2023 ஜூலை மாதம். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றதே, அந்தச் சமயம். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ராத்திரி வண்டி தாராபுரம் தாண்டியதும் பின்பக்கம் இடது டயர் வெடித்தது. அப்பா ஜாக்கி போட்டு ஸ்டெப்னியை மாட்டினார். செகண்ட்ஸில் வாங்கிய ஸ்டெப்னி அது. ஆனால் பட்டன் முழுசாக, புதுசு போல இருக்கும். பொள்ளாச்சி வருவதற்குள் அதுவும் போய்விட்டது! பட்டன் மேல்தோல் போல உரிந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றதாம். அர்த்த ராத்திரியில் வேறு வண்டி பிடித்து, கேட்ட வாடகை கொடுத்து, பெட்டி பெட்டியாக மாற்றி ஏற்றி, சந்தை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வியாபாரி பிடித்தம் போட்டது தனி. கூட்டிப் பார்த்தால் சரியாக என் முதலாம் ஆண்டுப் பணம். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போய் வீடு திரும்ப ஒரு வருஷம் ஆயிற்று.

அந்த ஸ்டெப்னியின் மிச்சம் எங்கள் கொல்லையில் கிடந்தது. கோழி அதற்குள் முட்டையிட்டுக் கொண்டிருந்தது. நான் வகுப்பில் டயர் பாடம் படித்தேன். நைலான் டயரில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், ரேடியலில் நேராக ஓடி மேலே கம்பிப் பட்டை சுற்றும் என்று படம் போட்டு, பாகங்கள் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கினேன். ஒரு லீவு நாளில் கோழியை விரட்டிவிட்டு அந்த டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளின் வரிசையில் கடைசியில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு எண்கள்: 1411. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2011-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம்! அந்த டயர் பிறந்தபோது நான் அங்கன்வாடியில் சுண்டல் சாப்பிட்டுக் கொண்டிருந்திருப்பேன். பன்னிரண்டு வருஷக் கிழவனைத்தான் 'பட்டன் முழுசா இருக்கு' என்று நம்பிக் கட்டிக் கொண்டு போயிருக்கிறோம். ஓடாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்து இறுகும், நுண்ணிய வெடிப்பு விடும். பத்து வருஷம் ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடு என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பட்டன் ஆழம் தேய்மானத்தைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது.

இனி 2025 ஐப்பசிக்கு வருவோம். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. லேபில் கடன் வாங்கிய வெர்னியரின் ஆழக் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒன்று 2.4 மில்லிமீட்டர், இன்னொன்று 1.9. காருக்கும் லோடு வண்டிக்கும் 1.6-தான் எல்லை. மழைக்காலம் வேறு. சரி, வாங்கிவிடலாம் என்று அப்பாவும் நானும் டவுனில் ஒரு கடைக்குப் போனோம்.

எங்கள் வண்டியின் சைஸ் 215/75 ஆர் 15. கடைக்காரர் இரண்டு டயரை உருட்டிக் கொண்டு வந்து போட்டார்.

"அண்ணே, அதே சைஸ்தாண்ணே. ஜீப்புக்குப் போடறது. டயருக்கு ஆயிரத்தி இருநூறு கம்மி. நூத்தி எம்பது ஸ்பீடு தாங்கும்!"

எங்கள் வண்டி இதுவரை எண்பதைப் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டுக்கும் சேர்த்து 2,400 ரூபாய் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அப்பா பர்ஸை எடுத்துவிட்டார்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைப் படித்தேன். தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு பக்கவாட்டு உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது டிஸ்க்கின் அங்குலம். இந்த நாலில் எதுவாவது எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்கிறதா? இல்லை! சைஸ் சரியாக இருந்தால் டிஸ்க்கில் மாட்டிக் கொள்ளும், அவ்வளவுதான். எடையைச் சொல்வது அதற்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு எண். கடைக்காரர் காட்டிய டயரில் '100 எஸ்' என்றிருந்தது. எஸ் என்பது அவர் சொன்ன 180 வேகம். 100 என்பது எடைக் குறியீடு. 100 என்றால் 100 கிலோ என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. 100-க்கு 800 கிலோ. எங்கள் பழைய டயரில் இருந்தது '106/103 க்யூ'. 106-க்கு 950 கிலோ. பின்னால் வரும் 103, இரட்டைச் சக்கரமாக மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் உள்ள கணக்கு. எங்களுக்கு அது தேவையில்லை. க்யூ என்றால் 160 வேகம். ஆக, அதே சைஸில் இருக்கிற இரண்டு டயருக்கு இடையே 150 கிலோ வித்தியாசம். ஒரு சக்கரத்துக்கு!

இன்னும் அடையாளம் உண்டு. பழைய டயரில் '8 பி.ஆர்.' என்று இருந்தது, இதில் அது இல்லை. (எட்டு பி.ஆர். என்றால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தி நூல் காலத்துக் கணக்கு அது. இப்போது அந்த அளவு பலம் என்று மட்டும்தான் அர்த்தம்.) பழையது தன் முழு எடையையும் தாங்க 65 பவுண்டு காற்று வேண்டும். ஜீப் டயருக்கு 35-தான் கணக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். கார் டயருக்கு 15633, லோடு வண்டி டயருக்கு 15636. கடைசி ஓர் எண்தான் வித்தியாசம். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண் தெரிந்தால் போதும்.

"இது வேண்டாம்பா. எட்நூறு கிலோதான் தாங்கும். நீங்க ஏத்தற லோடுக்கு ஆகாது."

"நம்ம லோடு எவ்வளவுன்னு உனக்கென்னடா தெரியும்? கடையில உக்காந்து பரிட்சை எழுதறியா?"

அப்பாவுக்குக் கோபம். நாலு பேர் பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. லோடு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. உண்மையில் அவருக்கும் தெரியாது. பெட்டிக் கணக்குதான் தெரியும். ஒரு பெட்டித் தக்காளி 14 கிலோ, அதற்கு மேல் பிளாஸ்டிக் பெட்டியின் எடை. அதில் 110 பெட்டி ஏற்றுவார். அது எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு உட்காருகிறது என்று யாரும் பார்த்ததில்லை.

அன்று டயர் வாங்கவில்லை. மறுநாள் ராத்திரி லோடு ஏற்றியதும் எடை மேடைக்குப் போனோம். முழு வண்டியையும் ஒருமுறை நிறுத்தி எடை. பிறகு முன் சக்கரத்தை மேடைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, பின் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. எடை போடுகிறவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதுக்குத் தம்பி பாதி வண்டிய எடை போடற?" என்றார். பாதி வண்டியில்தான் விஷயமே இருக்கிறது!

110 பெட்டிக்கு மொத்தம் 3,340 கிலோ. பின் அச்சில் மட்டும் 2,200. அடுத்த நடையில் 80 பெட்டியோடு போட்டுப் பார்த்தோம். மொத்தம் 2,865, பின் அச்சில் 1,780. எங்கள் ஆர்.சி.யில் எழுதியிருக்கிற மொத்த எடை 2,900. அதாவது சட்டப்படி ஏற்றினாலே ஒவ்வொரு பின் சக்கரத்திலும் 890 கிலோ. ஜீப் டயர் அப்போதே 90 கிலோ தோற்றுவிட்டது.

எனக்கு ஒரே சந்தோஷம். சீட்டை அப்பாவிடம் காட்டி விளக்கினேன். அவர் வண்டி விளக்கு வெளிச்சத்தில் இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், கணக்கில் கெட்டி.

"நூத்திப் பத்துப் பொட்டிக்கு சக்கரத்துக்கு ஆயிரத்தி நூறு வருது. நீ சொல்ற டயரு தொள்ளாயிரத்தம்பதுதானே? அப்ப அவன் சொன்ன டயரும் தப்பு, நீ சொல்ற டயரும் தப்பு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

டயர் ஏன் வெடிக்கிறது என்பதை நாம் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். எங்கள் டயரின் விட்டம் கணக்குப்படி 703 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சுற்றளவு 2.21 மீட்டர். ஒரு கிலோமீட்டர் போக 450 சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடுகிற இடத்தில் பக்கவாடு பிதுங்கி மறுபடி நிமிர்கிறது. நூறு கிலோமீட்டர் போனால் 45,000 தடவை! ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடிந்த இடம் சுடுமே, அதேதான். எடை கூடினால் பிதுக்கம் கூடும், காற்று குறைந்தால் இன்னும் கூடும். உள்ளே சூடு ஏறி ரப்பரும் கம்பிப் பட்டையும் பிரிந்துவிடும். ராத்திரிக் குளிரில் ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகாது என்பது பாதி உண்மைதான். ரோட்டுச் சூடு வேண்டுமானால் இல்லாமல் இருக்கலாம், டயருக்குள் பிறக்கிற சூட்டுக்கு ராத்திரி பகல் கிடையாது.

"இன்னும் பலமான டயர் போட்டுட்டா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். டயர் தாங்கும். பிரேக்கும் கட்டையும் அச்சும் பழையதுதானே? டிஸ்க்குக்கும் அதன் எல்லை உண்டு. தவிர, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. டயர் பலமாக இருக்கிறது என்று சொன்னால் விடமாட்டார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். பிக்கப்புக்கு டயர் வாங்கக் கடைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போக வேண்டும். பின் அச்சின் எடையைப் பாதியாக்கி, அதற்கு மேல் தாங்குகிற குறியீடு உள்ள டயரைத்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்கியும் தாங்கவில்லையென்றால் குறைக்க வேண்டியது பெட்டியை.

சொல்வது சுலபம்! மண்டியில் வாடகை பெட்டிக்கு இவ்வளவு என்றுதான். முப்பது பெட்டி குறைத்தால் முப்பது பெட்டி வாடகை போச்சு. டீசல் குறையுமா, டியூ குறையுமா? நீ எண்பது ஏற்றினால் அடுத்த வண்டிக்காரர் நூற்றிருபது ஏற்ற நிற்கிறார். மண்டிக்காரருக்கு வெடித்த டயரில் பங்கு இல்லை. லோடு ஏற்றுகிற அண்ணனுக்கு எண்ணிக்கைதான் கூலி. எடையைத் தாங்குகிற டயரையும் அதற்கு மேலே உட்கார்ந்து போகிற மனிதனையும் தவிர எல்லோருக்கும் பெட்டி அதிகமாவது லாபம். பெட்டிக் கணக்கை விட்டு, வண்டியின் ஆர்.சி. எடைக்கு ஒரு நடை வாடகை என்று ஸ்டாண்டில் இருக்கிற வண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும் என்பது என் எண்ணம். தனியாக ஒருவர் பேசினால் அவர் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். 'படிச்ச பையன் பேச்சு' என்று அப்பாவின் நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் அதில் இரண்டு பேர் தங்கள் வண்டியையும் பாதி பாதியாக எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் வேறு கடையில் லோடு டயரே இரண்டு வாங்கினோம். பில்லோடு. பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றார்கள். டயரில் குறை இருந்தால் கம்பெனியிடம் கேட்க அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம். 2025 செப்டம்பர் 22-லிருந்து டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிவிட்டது, பில்லுக்குப் பயப்பட முன்பு இருந்த அளவு காரணம்கூட இப்போது இல்லை.

புதுசை எங்கே மாட்டுவது என்று அடுத்த சண்டை. "முன்னாடி வெடிச்சா ஸ்டேரிங் கையில நிக்காது. புதுசு முன்னாடிதான்" என்றார் அப்பா. ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், ஆகவே புது ஜோடி பின்னால் என்பது டயர் கம்பெனிகளின் பொதுவான அறிவுரை. மறுபடி எடைச் சீட்டை எடுத்தோம். 80 பெட்டியில் முன் சக்கரத்துக்குச் சுமார் 540 கிலோ, பின்னால் 890. முன்னால் இருக்கிற இரண்டும் நல்ல பட்டன் உள்ள 106-தான். அப்பா ஒன்றும் சொல்லாமல் பின் சக்கரத்துக்கு ஜாக்கி வைத்தார்.

ஆனால் ஸ்டெப்னி விஷயத்தில் நான் நன்றாக வாங்கிக் கட்டிக் கொண்டேன். காசு போதவில்லையே, ஸ்டெப்னிக்கு மட்டும் அந்த விலை குறைந்த ஜீப் டயரை வாங்கி வைப்போம், எப்போதாவதுதானே மாட்டுவோம் என்று யோசனை சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டெப்னி எப்படா மாட்டுவோம்? லோடோட நிக்கிறப்பதான். எங்க மாட்டுவோம்? வெடிச்ச எடத்துல. அது பின்னாடிதானே? அன்னிக்குப் பொள்ளாச்சி ரோட்டுல நான் நின்னேன். நீ நிக்கல."

இது எந்தப் பாடத்திலும் இல்லை. இருக்கிறதிலேயே கடினமான வேலை ஸ்டெப்னிக்குத்தான். அதற்குத்தான் நாம் எல்லோரும் இருக்கிறதிலேயே மட்டமான டயரை வைக்கிறோம். மூன்றாவது புது டயருக்குப் பணம் சேரும் வரை 2.4 மில்லிமீட்டர் மிச்சமிருந்த பழைய 106-ஐ ஸ்டெப்னியாகக் கட்டினோம். மார்கழியில் மூன்றாவதும் வந்தது.

இப்போது அப்பா 90 பெட்டி ஏற்றுகிறார். ஆர்.சி. கணக்குக்கு இன்னும் 120 கிலோ அதிகம்தான், மறைக்கவில்லை. சக்கரத்துக்கு 960 வருகிறது, டயரை விடப் பத்துக் கிலோ கூடுதல். அதைச் சொன்னால், "நீ லீவுல தொத்திக்கிட்டு வராம இருந்தா சரியாப் போயிரும்" என்கிறார்.

மூன்றாவது டயரைக் கொண்டு வந்து இறக்கிய அன்று, எட்டாவது படிக்கிற தங்கச்சி நான் சொல்லாமலே டார்ச் அடித்துத் தேடி 3525 என்று படித்தாள். "முப்பத்தஞ்சாவது வாரம்... ஆகஸ்ட் கடைசிண்ணா. ரொம்பப் புதுசு!" என்று சொல்லி, சுவரில் கரிக்கட்டியால் எழுதியும் வைத்திருக்கிறாள். 1411 மட்டும் இன்னும் கொல்லையில் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று போன வாரம் போனேன். கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் ஆகும்.